சகலை வண்டிக்குப் புது ரெகுலேட்டர்

அக்காவைக் கட்டியவருக்கும் தங்கையைக் கட்டியவருக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரிடமும் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல். மூத்த சகலையுடையது கறுப்பு, இளையவருடையது சிவப்பு. இரண்டுமே கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்தவை என்பதால், மனைவிமார் இருவரும் அவற்றை 'மூத்தாள்' என்றுதான் சொல்வார்கள். "மூத்தாளைக் குளிப்பாட்டிட்டு இருக்கார், அப்புறம் பேசு" என்று ஒருத்தி போனில் சொன்னால் மற்றவளுக்கு விளக்கம் தேவைப்படாது.

மூத்தவருக்கு லிஃப்ட் வேலை. பழுதான லிஃப்டைச் சரிசெய்கிறவர் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார். தான் லிஃப்ட் பழுதாகாமல் பார்த்துக்கொள்கிறவர் என்பார். அது அவருக்கு வேலை மட்டுமல்ல, சுபாவமே அதுதான். நாற்காலியில் உட்காருமுன் அதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். முதல்முதலாக மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, மேலே ஃபேன் லேசாக ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தட்டோடு இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு ஏதோ மனக்குறை என்று மாமனார் அன்று முழுக்கக் கலங்கிப்போனார்.

இளையவர் நீச்சல் மாஸ்டர். நகராட்சிக் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். தண்ணீரில் விழுகிறவன் மூழ்குவதே கையைக் காலை ஆட்டுவதால்தான் என்பது அவர் கட்சி. சும்மா மல்லாந்து கிடந்தால் தண்ணீர் தானே தாங்கிக்கொள்ளும். குளத்தில் இது சரிதான். ஆனால் அவர் இதைக் குளத்துக்கு வெளியேயும் கொண்டுவந்துவிட்டார். சொட்டுகிற குழாய், கிறீச்சிடும் கதவு, கடுப்பில் இருக்கும் மனைவி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். கையை ஆட்டக் கூடாது.

அந்த வருஷம் லிஃப்ட்காரர் தன் கறுப்பு வண்டியின் சார்ஜிங் சமாசாரத்தையே மாற்றிப்போட்டார். எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் மாற்றினார். இன்ஜின் சுற்றும்போது உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், கரன்ட் உண்டாக்குகிறது. பேட்டரிக்கு வேண்டியதை மட்டும் அளந்து அனுப்புவது ரெகுலேட்டர் என்கிற சின்னப் பெட்டி. அந்தக் கால ரெகுலேட்டர், மிச்சக் கரன்டை என்ன செய்வதென்று தெரியாமல் சூடாக்கிச் சூடாக்கியே வீணடிக்கும். அடுப்பை அணைக்கத் தெரியாமல் பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி. வருஷக்கணக்கில் வெந்து வெந்து ஒருநாள் அது போகும். போகிறபோது சும்மாவும் போகாது. காயிலையோ பேட்டரியையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். புது மாதிரி ரெகுலேட்டர் அப்படியில்லை. வேண்டாத நேரத்தில் கரன்டைத் தடுத்து நிறுத்திவிடும், அதிகம் சூடாகாது. அவர் அதை வாங்கி, காற்று படுகிற மாதிரி முன்பக்கம் பொருத்தி, வயர்களை இணைக்கிற, தீய்ந்த ரொட்டி நிறத்துக்கு வந்திருந்த பழைய கப்ளரை வெட்டி எறிந்து, தடித்த வயரை ஃப்யூஸோடு நேராக பேட்டரிக்கு இழுத்தார். ஹேண்டிலில் ஒரு வோல்ட் மீட்டரும் வைத்தார். அது பதினாலைக் காட்டினால் அவர் முகம் மலரும். பதிமூன்றரைக்கு இறங்கினால், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பேச வேண்டாம் என்பார், பேச்சுக்கும் பேட்டரி செலவாகிறது என்பது போல.

சகலையிடமும் எடுத்துச் சொன்னார். சிவப்பு வண்டியும் அதே வயசு, அதே ரெகுலேட்டர், இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது என்றார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓடுது இல்ல?"

"ஓடுது சகலை. ஆனா..."

"அப்போ அது மிதக்குது. மிதக்கிறவனைப் போய்த் தொடக்கூடாது. தொட்டா பயத்துல கழுத்தைப் புடிச்சுக்குவான்."

பேச்சு அத்தோடு முடிந்தது. லிஃப்ட்காரரும் விட்டிருப்பார், மாமனார் வீட்டுப் பயணம் மட்டும் வராமல் இருந்திருந்தால். மாமனார் மலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். இரண்டு ஜோடிகளும் இரண்டு வண்டியில் மலையேறிப் போய் நாலு நாள் தங்குவது என்று சகோதரிகள் முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மலைப்பாதையில் சிவப்பு வண்டி நின்றால் கறுப்பு வண்டியும் நிற்க வேண்டும். சகலை சாலையோரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தானாகச் சரியாகும் என்று வானத்தைப் பார்ப்பார். அந்தக் காட்சி லிஃப்ட்காரருக்குக் கண் முன்னாலேயே நின்றது.

கடைசியில் கொழுந்தியாளே வழி சொன்னாள். இன்னொரு ரெகுலேட்டர் வாங்கி, அவருக்குத் தெரியாமல் மாற்றிவிட வேண்டியதுதான் என்றாள்.

"சாவி நான் தரேன் அத்தான். ஆனா எக்காரணம் கொண்டும் அவருக்குத் தெரியக்கூடாது. போன வருஷம் வண்டியைத் துடைச்சேன்னு ஒரு வாரம் என்கிட்ட பேசல. துடைச்சதுக்கே அப்படி."

அவர் சத்தியம் செய்தார். செய்திருக்கக் கூடாது.

வேலைக்கு ஏற்ற இடம் நீச்சல் குளத்து வண்டி நிறுத்தம். மாஸ்டர் மாலையில் தண்ணீரில் இறங்கினால் வகுப்பு முடியும்வரை வெளியே வரமாட்டார். நடுவில் ஒரு மதில்தான். அதற்கு அப்பாலிருந்து அவருடைய விசிலும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டுக்கொண்டே இருக்கும். விசில் கேட்கிறவரை பயமில்லை.

லிஃப்ட்காரர் கால்சட்டைப் பை நிறைய ஸ்பானரோடு போய், சிவப்பு வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அவருக்கு மனசு பதறியது. கப்ளர் பழுப்பைத் தாண்டிக் கறுப்புக்கே வந்திருந்தது. விரல் பட்டதும் பிஸ்கெட் போல உதிர்ந்தது. இது இத்தனை நாள் ஓடியதே ஆச்சரியம் என்று நினைத்தபோது முதுகில் ஒரு குச்சி தட்டியது. காவலாளி.

"யாரு வண்டி இது?"

"என் சகலை வண்டிங்க."

"சகலைன்னா திருடமாட்டாங்களா?"

லிஃப்ட்காரர் பையைத் துழாவினார். சாவி இருப்பதைக் காட்டினார். சாவியோடு திருடுகிறவன்தான் நல்ல திருடன் என்றார் காவலாளி. நான் எதையும் எடுக்க வரவில்லை, வைக்க வந்திருக்கிறேன் என்று புது ரெகுலேட்டரைக் காட்டியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சீப்புப் பல் மாதிரித் தகடுகளோடு, வயர் தொங்க, பையிலிருந்து வெளியே வந்த ஒரு அலுமினியப் பெட்டி. காவலாளி நாலடி பின்னால் போய் விசிலை வாயில் வைத்தார். அவரும் ஊதினால் குளத்துக்குள் எல்லோரும் கரையேறிவிடுவார்களே என்ற பயத்தில் லிஃப்ட்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கொழுந்தியாளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவள் என்ன சொன்னாளோ, காவலாளி கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார், நடுவில் ஒருமுறை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஆளே மாறிப்போயிருந்தார்.

"எனக்கும் ஒரு சகலை இருக்கான்" என்றார். "என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக் கொடுக்கக்கூட மாட்டான்." அதற்கப்புறம் டார்ச் பிடித்ததே அவர்தான்.

முன்பக்கம் வைத்தால் மாஸ்டர் கண்ணில் படும். அதனால் மூடிக்குப் பின்னாலேயே, கொஞ்சம் கீழே, காற்று போகிற சந்து பார்த்துப் புது ரெகுலேட்டரை இறுக்கினார். புது வயர், புது ஃப்யூஸ் எல்லாம் முடிந்தன. இனி இன்ஜினைக் கிளப்பி வோல்ட் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மனைவி கூப்பிடுவது கேட்காவிட்டாலும், அந்த வண்டியின் சத்தம் மாஸ்டருக்கு ஊர்வலத்துக்கு நடுவிலும் கேட்கும். காவலாளிதான் யோசனை சொன்னார். வகுப்பு முடிகிற சமயம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பலகையிலிருந்து குதிப்பார்கள், அப்போது இடி விழுந்தாலும் கேட்காது என்றார். இரண்டு பேரும் மதிலில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீளமாக ஒரு விசில். தொபுதொபுவென்று தண்ணீர். காதைக் கிழிக்கும் கூச்சல். லிஃப்ட்காரர் பட்டனை அழுத்தினார். கையோடு கொண்டுவந்திருந்த மீட்டரின் முள் பன்னிரண்டிலிருந்து ஏறிப் பதினாலைத் தாண்டி அங்கேயே நின்றது. கூச்சல் அடங்குமுன் இன்ஜினை அணைத்துவிட்டு மூடியைப் போட்டு, வந்த சுவடு தெரியாமல் கிளம்பினார். அன்று ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

மாஸ்டர் அவரைத் தேடி வந்தார். முகம் ஜொலித்தது. தன் வண்டிக்குத் திடீரென்று வயசு குறைந்துவிட்டது என்றார். ஹெட்லைட் பளீரென்று எரிகிறது, ஹாரன் அடித்தால் எதிரில் வருகிறவர் இறங்கி ஓடுகிறார், பட்டனில் விரல் பட்டதுமே இன்ஜின் எழுந்துகொள்கிறது. இத்தனைக்கும் நான் என்ன செய்தேன் என்று அவரே கேட்டு, ஒன்றுமே செய்யவில்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"நீங்க ஆட்டி ஆட்டிச் செலவு பண்ணீங்க. நான் தொடவே இல்ல. அது தன்னைத் தானே சரிபண்ணிக்கிச்சு. இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அன்னைக்குக் குளத்துல இருக்கும்போது அது என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

லிஃப்ட்காரருக்கு வாய்வரை வந்தது. மாஸ்டருக்குப் பின்னால் நின்ற கொழுந்தியாள் கண்ணாலேயே கெஞ்சினாள். வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்படியா" என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாஸ்டர் பிரசாரத்தில் இறங்கினார். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடம் வண்டியைக் காட்டினார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னார், மருந்துக் கடைக்காரரிடமே சொன்னார். சும்மா இருந்தே சரியான மோட்டார் சைக்கிள் என்று அந்த வட்டாரத்தில் சிவப்பு வண்டிக்கு ஒரு பேர் வந்துவிட்டது. இரண்டு பேர் தங்கள் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விடாமல் நிறுத்திவைத்து, தினம் காலையில் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ லிஃப்ட்காரர் ஆள் கூப்பிடப் போனபோது அவர் மனைவி, தங்கை வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறாரே என்று கேட்டாள். கட்டியவளே கட்சி மாறிவிடுவாள் போலிருந்தது.

ஒருநாள் லிஃப்ட்காரர் பொறுக்கமாட்டாமல் பழைய ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு குளத்துக்கே போனார். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிடுவது, அப்புறம் சகலை மலையில் கிடந்து படட்டும் என்று கறுவிக்கொண்டுதான் போனார். காவலாளி டார்ச்சோடு ஓடிவந்தார். லிஃப்ட்காரர் மூடியைத் திறந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பொருளை எடுத்துவிட்டுக் கெட்டதை வைக்க அவர் கை எழவில்லை. பதிலாக, லேசாகத் தளர்ந்திருந்த ஒரு நட்டை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

வினை மாஸ்டர் குடியிருந்த கட்டடத்திலேயே முளைத்தது. எட்டு மாடிக் கட்டடம் அது. அங்கே லிஃப்டைப் பராமரிப்பதே நம் லிஃப்ட்காரர்தான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிகிற சமாசாரம். அன்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுந்து, இந்த வருஷம் லிஃப்ட் ஒருதடவைகூட நிற்கவில்லையே, நிற்காத லிஃப்டுக்குப் பராமரிப்பு எதற்கு என்று கேட்டார். லிஃப்ட்காரர் திகைத்துப்போனார். தன் வேலை நன்றாக நடந்ததே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவர் நினைத்ததில்லை. பராமரித்ததால்தான் நிற்கவில்லை என்றார். சொந்த வேலைக்காகப் பேசுகிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது மாஸ்டர் எழுந்தார். சகலை மீது தனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்று ஆரம்பித்து, நேராகச் சிவப்பு வண்டிக்கு வந்தார். வண்டி பத்தடி தூரத்தில்தான் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையை ஆட்டாமல் இருந்தால் எதுவும் மிதக்கும், லிஃப்டும் மிதக்கும் என்று அவர் முடித்தபோது கைதட்டல்கூடக் கேட்டது. கை தூக்கச் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்பது தெளிவாகிவிட்டது. லிஃப்ட்காரருக்கு ஒப்பந்தத்தைப் பற்றிக்கூடக் கவலையில்லை. அந்த எட்டு மாடிக் கம்பிக் கயிற்றை அடுத்த மாசம் யார் தொட்டுப் பார்ப்பார்கள் என்பதுதான் அவரைக் குடைந்தது. ஆனால் சத்தியம் நாக்கைக் கட்டியிருந்தது. எழுந்தார், கொழுந்தியாளைப் பார்த்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். செயலாளர் அவருக்கு முதுகுவலியோ என்று கேட்டார்.

கொழுந்தியாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த வண்டி தானா சரியாகல. சாவி கொடுத்தது நான். ரெகுலேட்டர் மாத்தினது அத்தான். நம்பலைன்னா மூடியைத் திறந்து பாருங்க."

மாஸ்டர் யாரையும் பார்க்காமல் வண்டிக்குப் போனார். ஒரு நாணயத்தால் மூடித் திருகைத் திருப்பினார். வாங்கிய நாளிலிருந்து அவர் அதற்குள் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது அவர் திருகிய திசையிலேயே தெரிந்தது. உள்ளே அலுமினியத் தகடுகள் பளபளத்தன. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். முதுகு மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அழுகிறாரோ என்று கொழுந்தியாள் ஓரடி முன்னால் வைத்தாள்.

திரும்பி வந்தார். கொஞ்சம் சிவந்திருந்தாலும் முகத்தில் தோல்வி இல்லை.

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணல, ஆனா வேலை நடந்துடுச்சு. நான் சொன்னதும் அதுதானே?"

சிலர் ஆமாம் என்றுகூடத் தலையாட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஏழாவது மாடி மூட்டுவலிக்காரர், நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். மாடிப்படி ஏறி மூன்று வருஷமான மனிதர்.

"அதெல்லாம் சரி மாஸ்டர். உங்க வண்டிக்கு ஒரு சகலை இருந்தார். எங்க லிஃப்டுக்குச் சகலை யாரு?"

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் ஒப்பந்தத்தின் பக்கம் எழுந்தது. மாஸ்டருடைய கையும் எழுந்தது, கூட்டம் போகிற திசையில் போவதும் மிதப்பதில் சேர்த்திதான் என்பதால்.

ஆனால் வீட்டில் அவர் மூன்று நாள் பேசவில்லை. வண்டியைத் தொட்டதைவிட, தான் வாய் கிழியப் பேசியதை அத்தனை பேரும் கேட்டிருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. நாலாம் நாள் லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றார்.

"நான் ஊரெல்லாம் பெருமையடிச்சேனே. ஏன் சும்மா இருந்தீங்க?"

"நானும் கையை ஆட்டாம இருந்து பாத்தேன் சகலை" என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு மூச்சு முட்டிடுச்சு."

மாஸ்டர் சிரிக்கக் கூடாது என்றுதான் வந்திருந்தார். முடியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்காருமுன் லிஃப்ட்காரர் அந்த நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அன்று மாலை முழுக்க ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று மாஸ்டருக்குப் படம் போட்டு விளக்கினார். மாஸ்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, எல்லாம் புரிந்தது, இருந்தாலும் அடுத்த தடவையும் நீங்களே செய்துவிடுங்கள் என்றார்.

பயணமும் வந்தது. லிஃப்ட்காரர் கறுப்பு வண்டியில் இரண்டு பக்கமும் பை கட்டினார். உபரி ஃப்யூஸ், வயர், இரண்டு வித டேப், ஒரு சின்ன பேட்டரி, இழுத்துப் போகக் கயிறு. மனைவியின் துணிகள் அவள் மடியில் வந்தன. மாஸ்டர் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டார். மலையேற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கியது. இரண்டு ஹெட்லைட்டும் பனியைத் துளைத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு வளைவிலும் லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் சிவப்பு வண்டி பின்னாலேயே வந்தது. உச்சியில் நிறுத்தி நனைந்த உடம்போடேயே தேநீர் குடித்தார்கள். குடித்து முடித்து இரண்டு பேரும் பட்டனை அழுத்தினார்கள். இரண்டும் ஒரே தொடலில் எழுந்தன. லிஃப்ட்காரர் ஒரு நிமிஷம் காத்திருந்துகூடப் பார்த்தார். இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

மாமனார் வீட்டு வாசலில் இறங்கியபோது மாமியார் தலை துவட்டத் துணியோடு வந்தார். மாமனார், வழியில் ஏதாவது தொந்தரவா மாப்பிள்ளை என்று கேட்டார். ஒன்றும் இல்லை மாமா என்று லிஃப்ட்காரர் சொன்ன குரலைக் கேட்டு, பழையபடி ஏதோ மனக்குறை என்று மாமனாருக்குத் திக்கென்றது. இழுக்கக் கொண்டுவந்த கயிற்றைக் கொழுந்தியாள் கேட்டு வாங்கி, தாழ்வாரத்தில் இரண்டு தூணுக்கும் நடுவே கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டாள். லிஃப்ட்காரர் பிரிக்காத பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

"விடுங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். "திரும்பிப் போகும்போது ஏதாவது ஆகும்."